கோடு கீறிய ஆழாக்கு

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கும்போது கையெழுத்துப் போடத்தான். மறதியும் சேர்ந்துகொண்டது, முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதோ என் முன்னால் இருக்கிற ஆழாக்கை மட்டும் நான் மறக்கவில்லை. அலுமினிய ஆழாக்கு. ஒரு ஆள் ஒரு வேளை சோற்றுக்கு அரிசி அளக்கிற சின்ன அளவு. விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. உள்பக்கம், விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே, சுற்றிலும் ஒரு கோடு கீறியிருக்கிறது. கோணி ஊசியால் கீறிய கோடு. அதை என் கண் முன்னால் உட்கார்ந்து கீறியவர் எங்கள் பெரிய டீச்சர்.

எங்கள் சபை ஆயரின் மனைவி போன மாதம் வீட்டுக்கு வந்தார். சபையிலிருந்து ஒரு மலர் போடுகிறார்களாம். சர்க்கரை, கொதிப்பு என்று வீட்டுக்கு வீடு நோய் பெருகிவிட்டதால், இச்சையடக்கமும் உடல்நலமும் என்று தலைப்பு வைத்திருக்கிறார்களாம். "பெரிய டீச்சரம்மா உங்களுக்கு எம்புட்டு உதவியா இருந்தாக, அதை நாலு வரி எழுதிக் குடுங்க ஆயா" என்றார். அவர் இந்தச் சபைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பழைய கதை அவருக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டேன். முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இந்த வயசிலும் வரவில்லை. நாலு வரி எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் நிற்கவில்லை.

செல்லூரில் எங்கள் சந்து இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. இரண்டு பக்கமும் தறி ஓடும். என் வீட்டுக்காரரும் தறிக்காரர்தான். நாற்பத்தைந்து வயசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு நான் தனி ஆள். பக்கத்தில் இருந்த மிஷன் ஆரம்பப் பள்ளியில் ஆயா வேலை. மணி அடிப்பது, சின்னப் பிள்ளைகளைக் கழுவிவிடுவது, சாமானறையைப் பார்த்துக்கொள்வது. சாமானறைச் சாவி எப்போதும் என் இடுப்பில் தொங்கும். அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைதான் பெரிய டீச்சர். என்னைவிட இரண்டு வயசு இளையவர். பள்ளிக்கூடத்துக்குள் என்னை "ஆயா" என்பார். மணி அடித்து வாசலைத் தாண்டியதும் "அக்கா" என்பார். வேறு யார் அப்படிக் கூப்பிட்டாலும் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. இங்கிலீஷ் பேசுகிற, சபையில் முதல் வரிசையில் உட்காருகிற ஒருவர் என்னை அக்கா என்றபோது, வாசற்படியிலேயே இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருக்கும் எனக்கு.

தொண்ணூற்றாறோ ஏழோ இருக்கும். பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து எல்லாருக்கும் இரத்தம் சோதித்தார்கள். எனக்கும் சர்க்கரை, பெரிய டீச்சருக்கும் சர்க்கரை. நான் சாமானறையில் போய் அழுதேன். அவர் தேடிக்கொண்டு வந்து, அரிசி மூட்டை மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாத்தியா அக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே பரீட்சையில பெயில் மார்க்கு. வா, சேந்து படிச்சுப் பாஸ் பண்ணிருவோம்" என்றார். அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். அடுத்த வாரம் புது மண்டபத்துப் பாத்திரக் கடையில் ஒரே மாதிரி இரண்டு ஆழாக்கு வாங்கிவந்தார். மூட்டை தைக்கிற கோணி ஊசியை என்னிடம் கேட்டு வாங்கி, ஒன்றில் கோடு கீறினார். அலுமினியம் கீச்சிட்டதும் எனக்குப் பல் கூசியது. கீறி முடித்து ஊதிவிட்டுச் சொன்னார்: "கோட்டுக்குக் கீழ உனக்கு. கோட்டுக்கு மேல ஆண்டவருக்கு." தன்னுடையதை வீட்டில் போய்க் கீறிக்கொள்கிறேன் என்று பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் சபைப் பெண்களிடம் கைப்பிடி அரிசி எடுக்கிற வழக்கம் முன்பே உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக ஒரு சட்டியில் போட்டுவைத்து, கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம்; இல்லாத வீடுகளுக்குப் போகும். பெரிய டீச்சர் அந்த வழக்கத்தையும் எங்கள் வியாதியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். முன்னால் முழு ஆழாக்குத் தின்றவள் இனிமேல் கோடு வரைக்கும் தின்ன வேண்டும். கோட்டுக்கு மேலே மிஞ்சியது கோயில் பைக்கு. உடம்பு ஆண்டவருடைய ஆலயம், ஆலயத்துக்குள் கண்டதையும் கொட்டுவார்களா என்று கேட்பார். வேதம் ஆவியின் கனிகள் என்று எண்ணுகிற நல்ல குணங்களில் இச்சையடக்கத்தைக் கடைசியாகச் சொல்லியிருப்பது ஏன் தெரியுமா, பழுக்க ரொம்ப நாளாகும், அதனால்தான் என்பார். கொஞ்ச நாளில் சபையில் இருபது பெண்கள் ஆழாக்கில் கோடு கீறிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் கீறியது என் கோணி ஊசிதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்தக் கோடு எனக்கு நல்லது செய்தது. இரண்டே மாதத்தில் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினேன். ராத்திரி ஏழெட்டுத் தடவை எழுந்திருந்தது இரண்டாகக் குறைந்தது. அரிசி குறைந்த இடத்தில் கீரையும் அவரைக்காயும் வந்தன. சாப்பாட்டில் கை வைக்கும் முன்னால் ஜெபம் சொல்வது பிறந்ததிலிருந்து இருந்த பழக்கம்தான் என்றாலும், போதும் என்று எழுந்திருக்கும்போதும் ஒரு நன்றி சொல்ல அப்போதுதான் கற்றேன். முதல் ஜெபத்தைவிட அந்த இரண்டாவது கஷ்டம். அதைக் கற்றுத் தந்தவர் பெரிய டீச்சர். அது அவருக்குப் போக வேண்டிய பேர். அதில் ஒரு மணி அரிசி குறைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம். அந்த வாரம் மிஞ்சிய அரிசியை ஆளுக்கொரு துணிப்பையில் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் மேசையில் வைப்போம். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து எதை அடக்கினோம் என்று சாட்சி சொல்ல வேண்டும். இங்கேதான் கோளாறு வந்தது. பை பெருத்திருந்தால் பக்தி பெருத்திருக்கிறது என்று ஒரு எண்ணம் எங்களுக்குள் எப்படியோ நுழைந்துவிட்டது. பெரிய டீச்சரின் பைதான் எப்போதும் பெருத்த பை. என்னுடையது நடுத்தரம். ஒரு வாரம் பை சின்னதாக இருந்தபோது பின் பெஞ்சில் ஒருத்தி, "என்ன ஆயா, பை மெலிஞ்சிருக்கு, நீ மட்டும் மெலியக் காணோம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பெரிய டீச்சரும் சிரித்தார். அந்த வாரத்திலிருந்து நான் கோட்டுக்குக் கீழேயே அளக்க ஆரம்பித்தேன். ஒரு விரல் கீழே, பிறகு இரண்டு விரல். பை பெருத்தது.

அதற்கு நடுவில் ஒரு கிறிஸ்துமஸ். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரியவர் கேக் அனுப்பியிருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்து, டீச்சர்களும் எடுத்து, தட்டில் ஐந்தாறு துண்டு மிஞ்சியது. எறும்பு வராமல் சாமானறையில் வைக்கச் சொன்னார்கள். வைக்கப் போனவள் கதவுக்குப் பின்னால் நின்று நாலு துண்டு தின்றேன். பசி என்று சொல்ல மாட்டேன். வாயில் போட்டதும் ஒரு வருஷமாகக் கட்டிவைத்திருந்தது எல்லாம் அறுத்துக்கொண்டு ஓடிய மாதிரி இருந்தது. கையில் ஒட்டியதையும் நக்கினேன். மனசு கேட்கவில்லை. பெரிய டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதார். முழங்கால் போட்டு ஜெபித்தோம். எழுந்ததும் சொன்னார்: "இது உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. நாலாவது ஆள் காதுக்குப் போகாது அக்கா." அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்ததை நினைத்தால் இப்போதும் கால் இலேசாகிறது. ஒரு மனுஷி இன்னொரு மனுஷியை அவ்வளவு நம்ப முடியும் என்று நான் அன்றுதான் அறிந்தேன்.

அடுத்து லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம், வந்தன. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடாமல் உபவாசம் என்று பெரிய டீச்சர் கூட்டத்தில் சொன்னார். தண்ணீர் மட்டும்தான் என்றார். நானும் கை தூக்கினேன். சர்க்கரை மாத்திரை போடுகிறவள் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் முன்னமே சொல்லித்தான் இருந்தார். ஆனால் பெரிய டீச்சரும் அதே மாத்திரைதானே போடுகிறார், அவரால் முடிகிறதே என்று நினைத்தேன். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு வயிற்றைக் கட்டிக்கொண்டேன். முதல் இரண்டு வெள்ளிக்கிழமை கை நடுங்கியது. அது விசுவாசக் குறைச்சல் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஏதோ விடுமுறை. திருமங்கலத்தில் என் தங்கச்சி மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். சாப்பிடச் சொல்லித் தங்கச்சி கையைப் பிடித்து இழுத்தாள். உபவாசம் என்று உதறிவிட்டு மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வெயில். பஸ் புகை. உடம்பெல்லாம் வியர்த்து, சேலை முதுகில் ஒட்டிக்கொண்டது. எதிரில் நிற்கிற பஸ்ஸின் பேர் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒரு வாய் தண்ணீர் கேட்கலாம் என்று ஓரத்து டீக்கடைக்குப் போனேன். கடைக் கண்ணாடிப் பெட்டியில் பால்பன் அடுக்கியிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: மைதா மாவில் உருட்டி, எண்ணெயில் பொரித்து, சீனிப் பாகில் ஊறின உருண்டை அது, எங்கள் பக்கத்து டீக்கடைகளில் சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் வாங்கித் தின்பார்கள். பெட்டிக்கு அந்தப் பக்கம், தூணோரமாக, பெரிய டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கையில் தினத்தாள் கிழிசல். கிழிசலில் ஒரு பால்பன். ஏற்கெனவே கடித்திருந்தது. உதட்டோரம் பாகு மின்னியது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு அந்த நொடி கோபமே வரவில்லை. ஆண்டவரே, தெரிந்த முகம், பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன். "டீச்சர், மயக்கமா வருது" என்று சொன்னேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, ஆனால் நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஆடினதை அவர் பார்த்தார். அதே மாத்திரை போடுகிறவர். எனக்கு அப்போது என்ன வேண்டும் என்று அந்தப் பஸ் ஸ்டாண்டிலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அது அவர் கையிலேயே இருந்தது. கிழிசலோடு பால்பனைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தார். வாயைத் துடைத்தார். புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

டீக்கடைக்காரர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "யம்மா, என்னத்தா விரதமா? சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது, குடி. நீ இங்கன விழுந்து செத்தா போலீசுதான் எங்கிட்ட கோவிச்சுக்கும்" என்று சொல்லி, டீயில் மூன்று கரண்டி சீனி போட்டு வாயில் வைத்தார். ஒரு வருஷமாக நான் சத்துருவாக நினைத்த சீனி என் உயிரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த மனுஷன் கழுத்தில் துளசி மாலை போட்டிருந்தார். எங்கள் சபையில் ஒவ்வொரு தடவை திருவிருந்தில் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதும் எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வருகிறது. பெரிய டீச்சர் தின்றதற்காக நான் வருந்தவில்லை. நானும் கதவுக்குப் பின்னால் நின்று தின்றவள்தானே? பாதியைப் பிட்டு என் வாயில் போட்டிருந்தால் ஆயுசுக்கும் அதைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஒரே பஸ்ஸில் ஊர் வந்திருப்போம்.

திங்கட்கிழமை அவர் வந்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாயங்காலம் மணி அடித்து வாசலைத் தாண்டிய பிறகும், "ஆயா, கேட்டைப் பூட்டு" என்றார். செவ்வாய், புதன் அப்படியே போயின. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நான் பையை வைத்துவிட்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரிய டீச்சர் சாட்சி சொல்ல எழுந்தார். தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. "நம்மள்ல ஒரு சகோதரி இருக்காங்க, பேர் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். "பை நிறைய அரிசி கொண்டுவந்து வைக்கிறாங்க. ஆனா பிள்ளைகளுக்குன்னு வந்த கேக்கை, சாமானறைக் கதவுக்குப் பின்னால நின்னு, நாலு துண்டு எடுத்துத் தின்னிருக்காங்க. பையைப் பாத்து ஆண்டவர் ஏமாற மாட்டாரு. இப்பிடிப்பட்டவங்க நாளைக்கு யார் மேலயும் எதையும் சொல்லுவாங்க. அவங்களுக்காக ஜெபிப்போம்."

சாமானறை என்றதுமே இருபது பேருக்கும் தெரிந்துவிட்டது. சாவி சத்தம் போடக் கூடாதே என்று இடுப்பில் கையை வைத்து அமுக்கினேன். அமுக்கினதால்தான் அது கிலுங்கியது. பிள்ளைகளுக்குக் கொடுத்து மிஞ்சியதை, பிள்ளைகளுக்குன்னு வந்தது என்று மாற்றியிருந்தார். ஒரு சொல்தான் மாறியது. அதில் நான் திருடியாகிப் போனேன். எழுந்து திருமங்கலத்துக் கதையைச் சொல்லியிருக்கலாம். யார் நம்புவார்கள்? யார் மேலும் எதையும் சொல்லுவாள் என்று முன்னமே என் வாயை அடைத்துவிட்டாரே. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போது ஒருத்தி, "ஆயா, சாவிய பத்திரமா வச்சுக்க, என்ன?" என்று தோளில் தட்டினாள். அதோடு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை விட்டேன். பள்ளிக்கூடத்தில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

நாக்குக்கு ஆண்டவர் இரண்டு வேலை கொடுத்திருக்கிறார், ருசிப்பதும் பேசுவதும். நாங்கள் முதல் வேலைக்கு மட்டும் கோடு கீறினோம். ஒருத்தி நம்பிச் சொன்னதை வாயோடு வைத்துக்கொள்வதுதான் பெரிய உபவாசம் என்று எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அப்படி நினைக்கிற நிதானம் இல்லை. எனக்கு வந்தது வீம்பு. யாருக்காக இந்தக் கோடு என்று ஆழாக்கைத் தலை தட்டி அளந்தேன். ஒரு வேளைக்கு இரண்டு தரம் அளந்தேன். சந்துமுனைக் கடையில் இனிப்பு வாங்கிவந்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று தின்றேன். பெரிய டீச்சரைப் பழி வாங்குவதாக நினைப்பு. அவர் உடம்பில் அது ஒட்டுமா? ஒன்றரை வருஷம் அப்படிக் கழிந்தது. செருப்பு வார் கடித்து இடது சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. ஆறவில்லை. கறுத்தது. விரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டு மாற்ற வந்த டாக்டரம்மா சின்ன வயசு. என் கதையைக் கேட்டுவிட்டு அவர் வேதம் ஒன்றும் சொல்லவில்லை. "பாட்டி, நீங்க பட்டினி கிடந்ததும் தப்பு, பந்தி போட்டதும் தப்பு. ரெண்டையும் அடுத்தவங்களைப் பார்த்துத்தானே செஞ்சீங்க? நேரத்துக்கு, கொஞ்சமா, உங்க உடம்புக்குச் சாப்பிடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து மறுபடி ஆழாக்கை எடுத்தேன். கோடு அங்கேயே இருந்தது. யார் கீறினால் என்ன, இரண்டு விரல் கீழே என்பது சரியான அளவுதான். மிஞ்சினதைப் பக்கத்து வீட்டுச் சௌராஷ்டிரா அம்மா வளர்த்த கோழிகளுக்கு இறைத்தேன். சாட்சி சொல்ல ஆள் இல்லை, பை இல்லை. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் நான் உபவாசம் இருந்ததில்லை. ஒரு நாளும் கோட்டைத் தாண்டினதும் இல்லை என்று சொன்னால் பொய். தாண்டின மறுநாள் திரும்பிவிடுவேன். அதைத்தான் இச்சையடக்கம் என்று நான் புரிந்துகொண்டேன்.

என் விரல் போகும் முன்பே பெரிய டீச்சர் ஓய்வு பெற்று, கோச்சடையில் மகன் வீட்டோடு போய்விட்டார். சர்க்கரையால் கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் அவர் மருமகள் ஆள் விட்டார்: அத்தை உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், வாருங்கள் என்று. கூட்டம் நடந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். மருமகள் எனக்குச் சீனியில்லாத காபி கலக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "அத்தை கோயில் பைக்கு அரிசி சேத்ததெல்லாம் சும்மா. வெள்ளிக்கிழமை காலையில மூட்டையில இருந்து அள்ளிப் போட்டுக்கிட்டுப் போவாக. நாங்க வீட்டுல சிரிப்போம்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையைப் பார்த்து நான் கோட்டுக்குக் கீழே கீழே போனேனே!

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வற்றிப்போயிருந்தார். "யாரு, அக்காவா?" என்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். "நடை மாறியிருக்கே. ஒரு கால் இழுக்குது" என்றார். "சுண்டுவிரல் போச்சு டீச்சர்." "எந்தக் கால்?" "இடது." இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் கையை நீட்டிச் சொன்னது இது: "அக்கா, திருமங்கலத்துப் பஸ் ஸ்டாண்டுக் கடையில பால்பன் போடுவாக. ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாரியா? முழுசா வேணாம். நீ பாதி, நான் பாதி."

அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எரிந்தது. தப்புப் பண்ணிட்டேன் அக்கா என்று மூன்று சொல் சொல்ல அந்த வாய்க்கு முடியவில்லை. பாதி தருகிறேன் என்கிறார், அதுவும் நான் போய் வாங்கிவந்து. நான் சொன்னேன்: "சுகர் இருக்குல்ல டீச்சர். கோட்டத் தாண்டலாமா?" என் வாழ்நாளில் ஒருவர் முகத்துக்கு நேரே நான் சொன்ன ஒரே குத்தல் அது. குருடியிடம் சொன்னேன். நீட்டியிருந்த கையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். "ஆமா, தாண்டக் கூடாதுதான்" என்றார். நான் புறப்பட்டபோது பின்னாலிருந்து, "ஆயா, பாத்துப் போ. வாசப்படி உசரம்" என்றார்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து மருமகள் செல்லூருக்கே வந்து, பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். "அத்தை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாக. எதுக்குன்னு கேட்டேன், அவளுக்குத் தெரியும்னாக." பிரித்தால் இன்னோர் ஆழாக்கு. என்னுடையதற்கு ஜோடி. கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தேன். விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே ஒரு கோடு. அதற்கு மேலே ஒன்று. அதற்கும் மேலே ஒன்று. பிறகு ரொம்பக் கீழே, அடி தொடுகிற மாதிரி ஒன்று. யாரோ கோபத்தில் அழுத்திக் கீறினது போல ஆழமாக. மறுபடி நடுவில். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பன்னிரண்டு கோடு எண்ணினேன். எத்தனை தடவை உட்கார்ந்து, இனிமேல் இதுதான் என்று கீறியிருப்பார்! எத்தனை தடவை தோற்றிருப்பார்!

அன்றைக்கு அழுதேன். அவருக்காகவா எனக்காகவா என்று தெரியாது. இதை எழுதும்போது எனக்கே ஒரு பயம் வருகிறது: அவர் என்னைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தினார், நான் இப்போது அவரை நிறுத்துகிறேனோ? அதனால்தான் கேக்கையும், வீம்பையும், கோச்சடையில் நான் சொன்ன குத்தலையும் ஒளிக்காமல் எழுதினேன். ஆனால் ஆறிவிட்டது என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டேன். நான் ஒரு தரம் கோட்டைத் தாண்டினதை இருபது பேருக்குக் காட்டினவர், தன் பன்னிரண்டு கோட்டையும் செத்த பிறகுதான் எனக்குக் காட்டினார். உயிரோடு இருக்கும்போது, அந்தச் சாமானறை மூட்டை மேல் உட்கார்ந்து, இந்தா பார் அக்கா, எனக்கும் முடியவில்லை என்று ஒரு தரம் நீட்டியிருந்தால், அவர் கண்ணும் இருந்திருக்கும், என் விரலும் இருந்திருக்கும். வாயைக் கட்டத் தனி ஆளால் ஆகாது. கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும்.

இப்போது உலை கொதிக்கிறது. என் ஆழாக்கில்தான் அளக்கிறேன், கோடு வரைக்கும். அவருடையது பக்கத்தில் கவிழ்ந்திருக்கிறது. அதில் அளக்கவும் மனசு வரவில்லை, பழைய பாத்திரக்காரரிடம் போடவும் மனசு வரவில்லை.

வருஷமும் மாசமும் தப்பாக இருந்தால் சபைப் பழைய பதிவில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆவியின் கனிகளில் இச்சையடக்கம் கடைசிதானா என்று வேதத்தை எடுத்துச் சரிபாருங்கள். இன்னும் ஒன்று. அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்கள் இரண்டு மூன்று பேராவது இன்னும் இருப்பீர்கள். பெரிய டீச்சர் அதைச் சொன்னபோது என் பக்கம் ஒரு தரமாவது திரும்பினாரா? நான் தலையைக் குனிந்திருந்தேன், எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் யாராவது வந்து சொல்லுங்கள்.